தாத்தா 82 வரை இருந்தார், அப்பாவுக்கு 54 வயதில் பைபாஸ்: எனக்கு என்ன ஆகும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 36, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கருவாடு, தேங்காய்ப்பால், கள் என்று எதையும் ஒதுக்காமல் 82 வயதுவரை இருந்தார். டவுனுக்குக் குடிவந்து லாரி ஓட்டிய அப்பாவுக்கு 54 வயதில் பைபாஸ். தம்பிக்குக் கம்பெனி செக்கப்பில் இரத்த அழுத்தம் 138/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.2, மொத்தக் கொலஸ்ட்ரால் 5.9 (இரண்டும் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்), இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நாளைக்கு எட்டு சிகரெட். "எல்லாம் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இது நம் இரத்தத்திலேயே இருக்கிறதா, தோட்டத்தை விட்டு வந்ததால் வந்த வினையா, இப்போதே பயப்பட வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் பேராக்கில் அரசாங்க கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் யாரையும் பதற வைக்காது. அதனால்தான் டாக்டரும் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் இவை ஐந்தும் ஒரே உடம்பில் இருக்கின்றன, அப்பாவின் கதையும் கூட இருக்கிறது. இந்த நிலையிலேயே நீங்கள் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

தாத்தாவிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். "அந்தக் காலத்து ஆட்கள் எதைத் தின்றாலும் நோய் இல்லை" என்பதில் பாதிதான் உண்மை. விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மறுபடியும் அதே நிரைகளில் நடந்து பால் எடுத்து, வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்தவர் அவர். மேடும் பள்ளமுமான நிலம். அந்த உழைப்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது, தின்றது செலவானது. அதே தட்டு அப்பாவோடு லாரிக்குள் ஏறி உட்கார்ந்தது, இன்றைக்கு உங்களோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டுபட்டன, நம்மவர்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலையும் போக்குவரத்தும் மாறின, சாப்பாட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. அதன்மேல் சீனியும் பொரித்த பண்டமும் வந்து ஏறிக்கொண்டன.

இனி அந்தப் பேச்சில் உண்மையில்லாத பாதி. 82 வரை இருந்த தாத்தாவை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பதில் "நெஞ்சை அடைத்து" லயத்தில் விழுந்து இறந்தவரை அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் மட்டும் இருந்த காலத்தில் ஈ.சி.ஜி. ஏது? மூச்சடைப்பு என்றோ காய்ச்சல் என்றோ எழுதி முடித்திருப்பார்கள்.

இந்தியர்களுக்கு இதய நோய் கூடுதல் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவராகப் பின்னாளில் வந்த டாக்டர் டி.ஜே. தனராஜும் அவருடைய சக மருத்துவர்களும் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959-லேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே ஊரில் வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்களிடம் இதய இரத்தக்குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்று அதில் காட்டினார்கள். அப்போது ரொட்டி சானாய்க் கடை இன்றைக்குப் போல மூலைக்கு மூலை இல்லை, கைப்பேசி இல்லை, ஃபாஸ்ட் ஃபுட் இல்லை. அப்படியானால் டவுன் வாழ்க்கையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் உடம்பு கொண்டுவந்த ஏதோ ஒன்றும் இருக்கிறது.

உணவு மிஞ்சிக் கொழுப்பாகச் சேர்ந்தால் நம் உடம்பு அதைத் தோலுக்கடியில் பரவலாக வைக்காமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி வைக்கும் தன்மை கொண்டது. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால் என்று நம் ஆண்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அந்த வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சர்க்கரையையும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பையும் ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்-ஐ இறக்குகிறது. புனேயில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், எடை குறைந்த இந்தியக் குழந்தைகளிடம்கூடத் தசை குறைவு, கொழுப்பின் பங்கு கூடுதல் என்று கண்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சத்தையும் அரைவயிற்றையும் பார்த்த தாய்மார்கள் வழியாக வந்த உடல்வாகு இது என்று விளக்குகிறவர்கள் உண்டு, எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. அதோடு லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு கொழுப்பும் தெற்காசியர்களில் பலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக இருக்கிறது.

இதனால்தான் எடைக் கணக்கிலும் நமக்கு வேறு அளவுகோல். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25 என்று வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கோடு மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 23-க்கே இறங்கிவிடுகிறது. இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 98. உங்கள் தாளில் இருந்த எல்லா எண்களிலும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும்.

சரி, "எல்லாம் கொஞ்சம்தான்" என்பது ஏன் எனக்குக் கவலை தருகிறது? 2004-ல் இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 52 நாடுகள், டாக்டர் சலீம் யூசுஃப் தலைமை. முதல் மாரடைப்பு வந்தவர்களை, வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். புகைப்பவருக்கு மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.9 மடங்கு. நீரிழிவு இருந்தால் 2.4, இரத்தக்கொதிப்பு இருந்தால் 1.9. மூன்றும் ஒருவரிடமே இருந்தால்? மூன்றையும் கூட்டினால் ஏழுக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் ஆய்வில் வந்தது 13 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் வாங்கிய கடன் எப்படி வட்டிமேல் வட்டி ஏறுமோ அப்படித்தான் இது ஏறுகிறது. கெட்ட கொழுப்பும் தொப்பையும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். அதே ஆய்வு நல்ல சேதி ஒன்றும் சொன்னது. புகை, கொழுப்பு, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, தொப்பை, மனச்சுமை, காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பின்மை, மது என்ற ஒன்பது விஷயங்களே உலகத்து மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிடுகின்றன. தெற்காசியர்களுக்கும் அதே ஒன்பதுதான். நமக்கு வேறுபடுவது வயது. மற்ற நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வந்தது, தெற்காசியர்களுக்கு 53-லேயே வந்துவிட்டது. உங்கள் அப்பா அந்த வரிசையில் சரியாக நிற்கிறார்.

உங்களுக்கு நீரிழிவும் இல்லை, இரத்தக்கொதிப்பும் இல்லையே என்று கேட்கலாம். 140/90 என்பது சிகிச்சைக்காக மனிதர் போட்ட கோடு, இரத்தக்குழாய்க்கு அது தெரியாது. ஏறத்தாழ 115/75-லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. நடுவயதில் மேல் எண் 20 கூடக்கூட, இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. உங்கள் 6.2 மலேசிய அளவுகோலில் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7-ஐத் தொட்டால் நோய் என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் வரும்வரை காத்திருந்தவர்களைத்தான் நான் கிளினிக் வரிசையில் அதிகம் பார்த்தேன்.

இன்னொரு விஷயம், உங்களைப் போன்ற இளையவர்கள் ஏமாறும் இடம் இது. பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிடும் செயலியில் உங்கள் எண்களைப் போட்டால் குறைவான விழுக்காடுதான் வரும். காரணம், அந்தக் கணக்கில் வயதுக்குத்தான் பெரிய பங்கு. 36 வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் பச்சை விளக்குக் காட்டும். நம் நாட்டு வழிகாட்டியிலும் இருக்கும் அந்தக் கணக்கு அமெரிக்காவில் பாஸ்டன் அருகே ஃபிரமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் பிறந்தது. 1948-ல், சுங்கை சிப்புட்டில் தோட்ட மேனேஜர்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய அதே ஆண்டில், அங்கே 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு யாருக்கு நெஞ்சு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்க ஆரம்பித்தார்கள். புகையும் கொழுப்பும் இரத்தக்கொதிப்பும் இதயத்தைக் கெடுக்கின்றன என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுவதற்கு அந்த ஊர்க்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் ஏறத்தாழ எல்லாருமே வெள்ளையர்கள். நமக்கு அந்தக் கணக்கைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டு நிலவரம் என்ன? 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவருக்கு நெருங்கிவிட்டது. 2023 ஆய்வில் நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால், உடற்பருமன் நான்கும் ஒருசேர இருப்பவர்கள் மட்டுமே ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று தெரிந்தது. நான் சொன்ன பெருக்கல் கணக்கை இந்த ஐந்து லட்சம் பேர்மேல் வைத்துப் பாருங்கள்.

இனிச் சாப்பாடு. நெய்யையும் முட்டையையும் திட்டுவதற்கு முன் தண்ணீர்க் கடையைப் பார்க்கச் சொல்வேன். காலையில் ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒரு ஐஸ் மைலோ, மாலையில் இன்னொரு தே, ஷிப்டுக்கு நடுவில் கேன் பானம். ஒவ்வொரு கிளாஸிலும் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை சாதாரணமாகப் போகிறது. நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னே முடிந்துவிடும். திரவமாகப் போகும் சர்க்கரை வயிற்றையும் நிரப்பாது. குடித்துவிட்டு வழக்கமான சோற்றைத்தான் சாப்பிடுவோம். அரசாங்கம் 2019 ஜூலையில் புட்டி, கேன் பானங்களுக்குச் சர்க்கரை வரி போட்டது. கடையில் இழுத்துக் கொடுக்கும் தேயை அந்த வரி தொடவில்லை.

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை இறங்கியவர்கள் பலர் முதலில் மாற்றியது இதைத்தான். ஒரேயடியாகப் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்"குக்குப் போகச் சொல்லமாட்டேன், மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லுங்கள். பிறகு ஒரு வேளையைப் பால் சேர்க்காத தே ஓ ஆக்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பழைய தேயைக் குடித்தால் திகட்டும், நீங்களே சொல்வீர்கள்.

சோற்றை விடச் சொல்லமாட்டேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு என்று சுகாதார அமைச்சு சொல்லும் அளவு நம் வீட்டுச் சமையலுக்கு நன்றாகவே ஒத்துவரும். கீரை, பீன்ஸ், முருங்கை, வெண்டை, பாகற்காய் எல்லாம் நம் சமையலில் இருப்பவைதான். கறிக்கு வைத்த இடத்தைக் கொஞ்சம் காய்க்குக் கொடுத்தால் போதும். ரொட்டி சானாய் வாரம் ஒருநாள் சாப்பாடாக இருக்கட்டும், தினப்படி காலை உணவாக வேண்டாம். தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும் இதயத்துக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்-ஐ ஏற்றக்கூடியது. பண்டிகைக் குழம்பில் இருக்கட்டும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியர் சராசரியாக நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள், 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், ராத்திரி ஷிப்டில் கிண்டும் மெகி மீ என்று நம்முடையதைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் 138 எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் புரியும். மெகியைச் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மசாலாப் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிடுங்கள்.

சிகரெட் விஷயத்தில் நான் சமாதானமாகப் பேசமாட்டேன். "எட்டுதானே, அப்பா இருபது குடித்தார்" என்று நினைக்கலாம். இதயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு ஏறும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழ பாதி ஏறிவிடுகிறது என்று காட்டியது. அதாவது எட்டை நான்காக்குவதில் இதயத்துக்குப் பெரிய லாபம் இல்லை, விட்டால்தான் லாபம். விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. உங்கள் தாளில் இருக்கும் எந்த எண்ணுக்கும் இவ்வளவு வேகமான பலன் கிடையாது. கள்ளத்தனமாக வரும் மலிவு சிகரெட்டும் வேப் என்ற மின்சிகரெட்டும் மாற்று வழி ஆகா. அரசாங்க கிளினிக்குகளில் புகை நிறுத்தும் சிகிச்சை இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். மது பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது இருந்தால் இரத்த அழுத்தத்துக்கும் டிரைகிளிசரைடுக்கும் அதுவும் ஒரு காரணம், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் வேலையைப் பற்றியும் பேச வேண்டும். ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். வேலையை விடச் சொல்ல நான் யார்? ராத்திரி இரண்டு மணிக்கு நாசி லெமாக் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தி, வேலைக்குக் கிளம்பும் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இடையில் பசித்தால் கச்சான் (வேர்க்கடலை), பழம், அவித்த முட்டை. பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அடங்காத இரத்தக்கொதிப்புக்கு அது பலருக்குக் காரணமாக இருக்கிறது. கடன், வேலை நிச்சயமின்மை, வீட்டுச் சுமை இவற்றை வெறும் மனக்கஷ்டம் என்று தள்ளிவிடாதீர்கள், அந்த ஒன்பதில் இதுவும் ஒன்று.

நடைக்கு வாரம் 150 நிமிடம் போதும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். மழை, தெருநாய், இருட்டு என்று தாமானில் நடக்கத் தடைகள் உண்டு என்பது எனக்கும் தெரியும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். இதெல்லாம் நம் உடம்புக்குப் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் நடையையும் சாப்பாட்டையும் மட்டும் மாற்றியபோது, நீரிழிவாக மாறும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பெரிய எடைக்குறைப்புகூட அவர்களுக்கு நடக்கவில்லை.

மனைவி, அம்மா, அக்கா தங்கைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நம் வீடுகளில் யாருமே கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன். மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணத்தால் நம் பெண்கள் தாமதமாக வருகிறார்கள். மாதவிலக்கு நின்றபிறகு அவர்களுக்கும் ஆபத்து ஏறுகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கும், கர்ப்பத்தில் இரத்தக்கொதிப்பு வந்தவர்களுக்கும் பிற்காலத்தில் இதய நோய் வர வாய்ப்புக் கூடுதல். பிரசவத்தோடு "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். பெண்களுக்கும், நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுவாங்கல், அசதி, குமட்டல், தாடை அல்லது முதுகுவலி என்று மாரடைப்பு வரலாம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மா தன் அசதியை நோயென்று சொல்லவே மாட்டார். நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு தடவை எடுத்த அழுத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ சிகரெட்டோ தொடாமல், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இரண்டு தடவை எடுக்க வேண்டும். வீட்டில் ஒரு கருவி வாங்கிவைத்தால் குடும்பத்துக்கே பயன்படும். வீட்டில் எடுக்கும்போது 135/85 தான் எல்லை. கொலஸ்ட்ராலில் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. எல்.டி.எல், எச்.டி.எல், டிரைகிளிசரைடு பிரித்து வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1சி, சிறுநீரகப் பரிசோதனை இரண்டையும் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், மருந்தும் அதில் அடக்கம். நாற்பது வயதைத் தாண்டிய அம்மா அப்பா அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவர்களாக இருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தொழிலாளர் சமூகக் காப்புறுதியான பெர்கேசோவுக்குச் சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கும் நாற்பதிலிருந்து பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை, ஆனால் அப்பாவின் வரலாறு இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்பது நம் ஊர்களில் நிறைய உயிரைக் குடித்த பேச்சு. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் நீரிழிவு. மாத்திரையை நிறுத்தியவர்கள் கிட்னி கெட்டு வந்து, மாத்திரையால்தான் கெட்டது என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் நொந்திருக்கிறது. தலைவலித்தால் மட்டும் பிரஷர் மாத்திரை போடுவது, சர்க்கரை இறங்கியதும் நிறுத்துவது, திருநாளுக்கு விடுமுறை விடுவது எதுவும் வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையால் சிலருக்குத் தசைவலி வரும். வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், தானாக நிறுத்தக் கூடாது. நேரடி விற்பனைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவரும் சாறு, தூள், ஜாமு என்ற மூலிகை மருந்து இவற்றுக்கு மாதம் முந்நூறு வெள்ளி கொடுப்பவர்கள் ஒரு வெள்ளி மாத்திரையைச் சந்தேகப்படுவது எனக்கு இன்றும் வேதனை. பதிவில்லாத ஜாமுக்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

கடைசியாக, அப்பா வீட்டில் இருப்பதால் இது அவசியம். நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால் "காற்று" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டோ சோடா குடித்துக்கொண்டோ விடியும்வரை உட்காராதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள். அவரே மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும் என்று அரை மணி நேரம் காருக்கு அலைவதைவிட, பக்கத்தில் அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போவது மேல். மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் அந்த ஊசிக்கு முழுப் பலன். இதயத் தசை இறந்தபிறகு எந்த நிபுணராலும் அதை உயிர்ப்பிக்க முடியாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாமா என்று அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் உங்கள் அட்டையைத் திறக்கும்போது, அப்பாவுக்கு 54 வயதில் பைபாஸ் ஆனதை எழுதச் சொல்லுங்கள். தகப்பன் அல்லது சகோதரனுக்கு 55 வயதுக்குள், தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அது தனி ஆபத்துக் காரணியாகக் கணக்கில் சேரும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அதே கணக்குத்தான், அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை எடுத்த எண்களை, எல்.டி.எல்-ஐயும் சேர்த்து, இங்கேயே எழுதுங்கள். டாக்டரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.